பானெட்டின் இடப்பக்கம்

கார் இன்ஜினை மூடுகிற ஒரு பானெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் தெருவில் அந்த இரண்டு பேர் ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணனைப் பெரியவர் என்போம், தம்பியைச் சின்னவர். தலை முழுக்க வெளுத்த பிறகும் அவர் சின்னவர்தான். "பேத்தி பொறந்தாச்சு, இன்னும் என்ன சின்னவர்?" என்று அவர்கள் பட்டறைப் பெயின்டர் ஒருநாள் சீண்டியதற்கு, "பெரியவர் இருக்கற வரைக்கும் நான் சின்னவன்தானேடா" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

பழைய கார்களுக்கு உடம்பு பார்க்கிற பட்டறை அவர்களுடையது. இன்ஜின் பக்கம் போகமாட்டார்கள். ஒடுக்கு எடுப்பது, துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவது, கழற்றிய கதவையும் பானெட்டையும் மறுபடி அதனதன் இடத்தில் உட்காரவைப்பது, இவ்வளவுதான். எதிரில் நம்பர் பிளேட் எழுதும் கடை. அங்கே நான். எழுதிய எழுத்து காய்கிறவரை எனக்கு வேலை இல்லை. பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களோடு பேசியதைவிடப் பார்த்ததே அதிகம்.

சின்ன வயதில் வேறொருவர் ஷெட்டில் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போனவர்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் நகர்த்துவார். நகர்த்தியதற்கு வைத்தவர் சண்டைக்கு வருவார். ஸ்பேனர் பறக்கும். ஷெட்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாக்பீஸை எடுத்து ஒரு பானெட்டின் நடுவே நீளமாகக் கோடு போட்டாராம். "இடப்பக்கம் பெரியவனுக்கு, வலப்பக்கம் சின்னவனுக்கு. எவனாவது கோட்டைத் தாண்டினா ரெண்டு பேரும் வெளியே." ஷெட்காரர் போனார். ஷெட்டும் போனது. இவர்கள் சொந்தப் பட்டறை போட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்கிற வயதுக்கும் வந்துவிட்டார்கள். கோடு மட்டும் அழியவில்லை.

சின்னவருக்கு அந்த வலப்பக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. தெருவில் நடந்தாலும் அண்ணனுக்கு வலப்புறம்தான் நடப்பார். டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்து, பிறகு வலப்புறம் உட்காருவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, "கட்டில்ல நான் எந்தப் பக்கம் படுக்கணும்னு உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாராம். "உங்கண்ணனுக்குத் தும்மல் வந்தா நீங்க மூக்கைத் தொடைச்சுக்குவீங்க" என்பது அந்தம்மா இன்றைக்கும் சொல்வது. சின்னவர் கோபப்பட்டதில்லை. சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார்.

பானெட் மாட்டுவது பார்க்கச் சுலபம். பின்னால் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கீல்கள், பக்கத்துக்கு ஒன்று. கீலில் போல்ட் போகிற ஓட்டை வட்டமாக இருக்காது, நீளமாக இருக்கும். போல்ட்டைப் பிடிக்கவும் கூடாமல் விடவும் கூடாமல் அரைகுறையாக முடுக்கிவிட்டு, பானெட்டை மெல்ல மூடி, அதற்கும் பக்கத்து மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அவர்கள் அதைக் கேப் என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்கு. நல்ல கேப் ஒன்றரை நூல். முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம் என்றிருந்தால் திறந்து, தள்ளி, மறுபடி மூட வேண்டும். புது வண்டி என்றால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பழைய வண்டி எத்தனையோ இடிபட்டு, எத்தனையோ பேர் தட்டி நிமிர்த்தி வந்தது. ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் கோணும். அதனால்தான் இரண்டு பேர். அண்ணன் ஒரு மயிரிழை தள்ளினால் தம்பியின் கை அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். நடுவில் பேச்சே இருக்காது. முடிந்ததும் அவரவர் பக்கத்தை அவரவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் பட்டறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த பெரியவரின் கையிலிருந்து குவளை விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. "அண்ணே, என்ன வெளையாட்டு?" என்று சின்னவர் சிரித்தார். திரும்பிய முகத்தில் வலது பாதி கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது காலில் உயிர் திரும்பியிருந்தது, இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு. பேச்சும் வந்துவிட்டது. எச்சிலை அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வலது கை வரவில்லை. வீட்டுக்கு வந்து கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், ஒரு சின்ன ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். "வர்றது சீக்கிரம் வந்துடும் சார். நாள் போகப் போக வர்றது கொறையும்" என்றாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல் டாக்டரின் கார் பானெட் மாட்டுகிற கட்டத்துக்கு வந்தது. கரும்பச்சை. உருண்ட மட்கார்டுகள், தவளைக் கண் மாதிரி விளக்குகள். டாக்டர் தொழிலை விட்டு ஓய்ந்தவர், மாலையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "பல்லுக்கு நடுவுல சந்து இருந்தா அதிர்ஷ்டம்னு சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன். என் வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் வேணாம்" என்பார்.

பெரியவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மட்கார்டின் மேல் வைத்தார். அது வைத்த இடத்தில் கிடந்தது.

"டேய். இந்த பானெட்ல என் பக்கத்தை நான் மாட்டறேன்."

"மாட்டுண்ணே. நீ மாட்டாம யாரு மாட்டுவா?"

"குறுக்கப் பேசாத. மாட்டிட்டேன்னா நாளைலேருந்து எப்பவும்போல வேலைக்கு வரேன். முடியலன்னா வரமாட்டேன். வந்து ஸ்டூல்ல உக்காந்து உங்க மூஞ்சியைப் பாத்துட்டுப் போற பொழப்பு எனக்கு வேணாம்."

அண்ணன் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது சின்னவருக்குத் தெரியும். சிகரெட்டை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். தங்கையின் மாப்பிள்ளையோடு பேச்சை நிறுத்தியதும் அப்படித்தான், இன்றுவரை பேசவில்லை.

மறுநாள் ஆரம்பித்தார்கள். தூக்கும்போது பெரியவரின் பக்கத்தைப் பெயின்டரும் சேர்ந்து தாங்கினான். கீலில் போல்ட்டைக் கோத்தது பெரியவர்தான், இடது கையால். கோப்பதற்குள் போல்ட் பலமுறை கீழே விழுந்து வண்டிக்கடியில் உருண்டது. ஒவ்வொரு முறையும் சின்னவர் வலப்பக்கத்திலேயே முழங்காலிட்டு, தரையில் படுத்து, வண்டிக்கடியில் கையை நீட்டி எடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். எழுந்து சுற்றிப் போய்க் கொடுக்கவில்லை.

"இடது கைக்கு மூளை கெடையாதுடா" என்றார் பெரியவர்.

"பழகிக்கும்ணே. என் பேத்தி ரெண்டு கையாலயும் எழுதறா."

"உன் பேத்தி செவுத்துல கிறுக்கறா. அதுக்குப் பேரு எழுதறதா?"

இருவரும் சிரித்தார்கள். அதுதான் கடைசியாக அவர்கள் சேர்ந்து சிரித்தது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை.

காலை முழுக்கப் போராடி, பெரியவர் தன் பக்கத்தை முடுக்கினார். மூடிப் பார்த்தால் முன்னால் ஒரு விரல் போகும், பின்னால் ஒரு காகிதம் போகாது. திறந்து தளர்த்தித் தள்ளினார். தள்ளிய இடத்தில் அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். பிடித்தபடி முடுக்க ஒரு கை வேண்டும். இருந்தது ஒன்று. தோளால் முட்டுக்கொடுத்தார், பானெட் நழுவியது. அடுத்த நாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாளும். மதியம் பெரியவரின் மனைவி வந்து சாப்பிட அழைத்துக்கொண்டு போவார். சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்து எழுந்து மாலையில் வருவார். போகும்போது திரும்பிப் பார்க்காமல், "யாரும் தொடாதீங்க" என்பார்.

ஒருநாள் மதியம் அண்ணனும் அண்ணியும் தெருமுனையில் திரும்பும்வரை சின்னவர் வாசலில் நின்றார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். அவரை அந்தப் பக்கம் நான் பார்த்தது அப்போதுதான் முதல் முறை. ஆளில்லாத வீட்டுக்குள் வந்துவிட்டவர்போலச் சற்று நேரம் எதையும் தொடாமல் நின்றார்.

பெயின்டர் உள்ளேயிருந்து, "என்ன சின்னவரே, எல்லை தாண்டிட்டீங்க, சுட்டுடப் போறாங்க" என்றான். சின்னவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தன் டப்பாவைக் கலக்க ஆரம்பித்துவிட்டான்.

ஸ்பேனரை எடுத்தார். தளர்த்தினார், தள்ளினார், மூடினார், குனிந்து பார்த்தார். நல்ல வேலைக்காரர். வெகுநேரம் ஆகவில்லை. முன்னாலிருந்து பின்னால்வரை ஒன்றரை நூல், நம்பர் பிளேட்டில் நான் இழுக்கிற கோடுகூட அவ்வளவு நேராக வராது. முடித்துவிட்டு அண்ணனின் ஸ்பேனரை, அண்ணன் வைத்த மாதிரியே, இடது கைக்கு வாகாகத் திருப்பி வைத்தார். அப்புறம் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், நெடுநேரம்.

மாலையில் பெரியவர் வந்தபோது டாக்டரும் இருந்தார். சின்னவர் தன் பக்கத்தில், வலப்பக்கத்தில், நின்றுகொண்டு சொன்னார்: "அண்ணே, காலைல நீ கடைசியா முடுக்கினதை நான் மூடிப் பாக்கவே இல்ல. இப்பத்தான் மூடினேன். உன் பக்கம் உக்காந்துடுச்சு, பாரேன்."

குரல் கொஞ்சம் கூடுதலாகவே உற்சாகமாக இருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்து, "அடேங்கப்பா! பெரியவரே, கை வந்துடுச்சு!" என்று கைதட்டினார். பெயின்டரும் தட்டினான். பெரியவரின் முகத்தில் ஒரு பாதி மலர்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அந்தப் பாதி அவ்வளவு சந்தோஷப்பட்டது.

காலை இழுத்துக்கொண்டு போய், இடது கையின் சுட்டுவிரலைக் கேப்பின் முன்முனையில் வைத்தார். மெல்லப் பின்னால் இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விரல் பின்மூலைக்கு வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி கொஞ்சம் முன்னால் போய், மறுபடி மூலைக்கு வந்தது.

"டாக்டர்" என்றார். "நாளைக்குக் காலைல வந்து வண்டியை எடுத்துக்கறீங்களா?"

"தாராளமா."

டாக்டர் போன பிறகும் பெரியவர் விரலை எடுக்கவில்லை.

"யாரு வச்சது இது?"

"நீதாண்ணே."

"இது என் கை இல்லடா."

சின்னவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"என் பக்கம் என்னிக்குமே நேரா இருக்காது. பின்மூலையில கொஞ்சம் கூட விடுவேன். பானெட்டை மூடறவன் ஒரே எடத்துல நின்னு டிரைவர் பக்கத்து முன்மூலையைத்தான் அமுக்குவான். அமுக்க அமுக்க அது எதிர்மூலைக்குத் தள்ளிக்கிட்டே வரும். நாலு வருஷத்துல பெயின்ட் உரசும். அதுக்கு எடம் விடணும். எல்லா வண்டிக்கும் விட்டிருக்கேன். மொத வண்டிலேருந்து."

"எனக்குத் தெரியாதுண்ணே."

பெரியவர் அப்போதுதான் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

"தெரியாதா? இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட இந்தப் பக்கம் வந்து நீ பாத்ததில்லையா?"

"பாக்கணும்னு தோணலண்ணே. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு..."

"ம்."

பெயின்டர் வெளியே வந்து என் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

சின்னவர்தான் முதலில் அசைந்தார். வெளிப்படையாகவே இடப்பக்கம் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து கம்பியால் முட்டுக்கொடுத்து, போல்ட்டைத் தளர்த்தினார். "சொல்லுண்ணே. நீ சொல்லு, நான் வைக்கறேன். எவ்வளவு விடுவ?"

"கொஞ்சம்."

"அரை நூலா?"

"அவ்வளவு இல்ல."

"கால்?"

"வச்சுக் காட்டு."

வைத்தார். மூடினார். பெரியவர் தடவிப் பார்த்து, "இல்ல" என்றார். குறைத்தார். "இல்ல." கூட்டினார். "இது அதிகம்." மட்கார்டைச் சற்று வெளியே தட்டினார். "இது வேற மாதிரி." சின்னவர் அலுக்காமல் திறந்து திறந்து மூடினார். கடைசியில் பெரியவர் கையை எடுத்துவிட்டார்.

"எவ்வளவுன்னு சொல்லுண்ணே, அது போதும். ஒரு தடவ சொல்லிட்டன்னா நான் விடமாட்டேன்."

"எனக்கு எங்கடா தெரியும்? நானா அளந்தேன்? அதுக்குத்தான் தெரியும்."

இடது கையால் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எதையாவது சொல்லும் என்பதுபோல.

"நேராவே வச்சுடு" என்றார் பெரியவர். "வாங்கினவருக்கு நேரா இருந்தா போதும்."

அண்ணி வந்து அழைத்துப் போனார். அன்றைக்குச் சின்னவர் அவர்களோடு போகவில்லை. பானெட்டை நேராக வைத்து முடுக்கினார். தனியாளாக ஒரு பக்கம் முடுக்கிவிட்டு இன்னொரு பக்கம் போய் முடுக்கினார். காலையில் டாக்டர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு வண்டி அற்புதமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும்தான்.

பெரியவர் அதற்குப் பிறகு வரவில்லை. சொன்னது சொன்னதுதான்.

பட்டறை ஓடுகிறது. பெயின்டர்தான் இப்போது மறுபக்கம் தூக்குகிறான். அவன் நல்லவன், ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டும். "பிடிச்சுட்டியா? தூக்கவா? உன் பக்கம் எறக்கு, இன்னும் எறக்கு." அந்தப் பட்டறையில் இவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வண்டி முடிந்ததும் சின்னவர் இடப்பக்கம் வந்து குனிகிறார். பின்மூலையில் கொஞ்சம் விடுகிறார். தடவுகிறார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி நேராக்குகிறார். சில சமயம் பழைய வண்டி ஏதாவது, அண்ணன் எப்போதோ மாட்டியது, தெருவில் நின்றால் ஓடிப்போய் அதன் மூலையில் விரலை வைத்துப் பார்க்கிறார். வண்டிக்காரர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள். அந்த வண்டிகளில் மூலை ஏற்கெனவே தள்ளி வந்துவிட்டது. அண்ணன் விட்டது எவ்வளவு, அதில் வருஷங்கள் தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

மாலையில் பட்டறையை மூடிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போவார். மாடி வீடு. நானும் ஒருமுறை ஒரு பொருளைக் கொடுக்க அவரோடு போனேன். சின்ன அறை, ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, மேஜையில் ரப்பர் பந்து. பெரியவர் பந்தைத் தொடுவதில்லை. இருவரும் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். எதிர்வீட்டு நாயைப் பற்றிப் பேசினார்கள். பட்டறையைப் பற்றிப் பெரியவர் கேட்கவில்லை. சின்னவர் சொல்லவும் இல்லை. பேச்சு தீர்ந்ததும் சின்னவர், "இன்னிக்குப் பந்தை அமுக்கினியாண்ணே?" என்றார்.

"நீ ஒருத்தன்டா" என்றார் பெரியவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஒருநாள் சின்னவர் போனபோது அண்ணி பாதிப் படியிலேயே இறங்கி வந்து நின்றிருந்தாராம். பெயின்டரிடம் சின்னவரே சொல்லி, அவன் எனக்குச் சொன்னது இது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனீங்கன்னா அன்னிக்கு ராத்திரி அவர் தூங்கறதில்ல. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டிருக்காரு."

"வரவேணாமா அண்ணி?"

"வேணாம்னு சொல்லுவேனா? கொஞ்ச நாளைக்கு."

சின்னவர் சரியென்று தலையாட்டிவிட்டு இறங்கினார். தன் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. இப்போதும் பட்டறை மூடியதும் வழக்கமான நேரத்துக்கு அந்தத் திசையில்தான் நடக்கிறார். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் வரும்வரை நடக்கிறார். "உங்கண்ணன் எப்படி இருக்காரு?" என்று அந்தம்மா கேட்டால், "அப்படியேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்.